தாயின் ஜெபமும் தாயின் கனிவும்: கிறிஸ்தவத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபையொன்றின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல ஆண்டுகளாக இளந்தாய்மாரோடு உட்கார்ந்து பேசிவருகிறேன். கூட்டம் முடிந்து காப்பி கொடுக்கும்போதும், கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதும், அருகில் வந்து தணிந்த குரலில் அவர்கள் கேட்கும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வேதசாஸ்திரம் கற்றவள் அல்ல; இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். வேதவசனங்களை நம் கோயில்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின்படி தந்திருக்கிறேன்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. நான் பின்மாற்றத்தில் விழுந்து விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேனா?

இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, ஓர் அதிகாரம் வாசித்து, முழங்காற்படியிட்டு அரைமணி நேரம் ஜெபித்த பெண்ணால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்து உறக்கம் துண்டுதுண்டாகிப்போன உடம்போடு அதே அளவைத் தொடர முடியாது. அந்த அளவைச் சில மாதங்களுக்குக் கீழே வைத்துவிடுங்கள். பிள்ளையில்லாமல் ஏங்கிய அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்தில் ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மட்டுமே அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" (1 சாமுவேல் 1:15) என்று அவள் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. ஜெபங்களைக் கேட்டுக் கேட்டு முதிர்ந்த ஓர் ஆசாரியனுக்கே ஜெபமாகத் தெரியாத ஒன்றைக் கர்த்தர் ஜெபமாகக் கேட்டார் என்பதை நான் இளந்தாய்மாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன்.

நள்ளிரவில் பால் கொடுத்துக்கொண்டே "ஆண்டவரே, இந்தப் பிள்ளை..." என்று தொடங்கி, வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் கண்ணயர்ந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து அதை முடிப்பவர் ஒருவர் இருக்கிறார். வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று நாம் அறியாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியது (ரோமர் 8:26) இப்படிப்பட்ட இரவுகளுக்கும் சேர்த்துத்தான். அதே சமயம், பதினைந்து நிமிடத் தனிமையைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். "பிள்ளையைக் கொஞ்சம் வைத்திருங்கள் அத்தை, நான் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறேன்" என்று கேட்டால் மறுக்கிற மாமியாரை நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. கணவரிடமும் இப்படிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வேலைக்கு நடுவே ஜெபிப்பது அரைகுறை ஜெபம் ஆகாதா?

கவனம் பாதியாக இருக்கலாம். ஆனால் அந்த ஜெபத்தில் கைகளும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்து ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். என் தாயார் அந்தப் பிடியைப் பானையில் விடுவதற்கு முன் ஒரு கணம் கையை மூடியபடி நிற்பார். எங்களில் ஒருவரின் பெயரைத்தான் சொல்லுகிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருநாள் பக்கத்தில் போய் நின்றபோது என் பெயர் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை.

அதை நான் என் மகளின் தலைமுடியில் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட வண்டி 7.40-க்கு வரும். அதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, நடுவகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டவேண்டும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து கரண்டியால் பொங்கலைக் கிளறிக்கொண்டிருப்பாள். சிக்கு இழுத்தால் "ஆ" என்பாள். நான் விரலால் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சீவுவேன். இடது சடை பின்னும் நேரத்தில் அவள் அன்றைக்குச் சந்திக்கப்போகிறவர்களுக்காகவும், வலது சடை பின்னும் நேரத்தில் அவள் பயப்படுகிற காரியத்துக்காகவும் ஜெபிப்பேன். போதகர் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறோம். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் தாயின் இரண்டு கைகளும் பிள்ளையின் தலைமேல்தான் இருக்கின்றன. சிக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டே ஜெபித்த அவசர நாட்களும் உண்டு. அந்த நாட்களில் என் மகளை எட்டியது இழுத்த இழுப்பு மட்டுமே என்பதை அவள் தோள் விறைப்பதிலிருந்தே அறிந்துகொண்டேன். ஜெபம் கையில் கனிவாக இறங்காவிட்டால் பிள்ளைக்கு அது ஜெபமாகச் சேருவதில்லை என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

தேவனை நாம் பிதா என்று அழைக்கிறோம். அப்படியிருக்க அவரிடத்தில் தாயின் கனிவு இருப்பதாகச் சொல்வது சரியா?

வேதமே அப்படிச் சொல்லுகிறது. "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்பது ஏசாயா 49:15. "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்" என்பது அதே ஆகமத்தின் 66-ஆம் அதிகாரம். ஓசியா 11-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேல் ஜனத்தை, கைபிடித்து நடக்கப் பழக்கினதாகச் சொல்லுகிறார். நடைபழகும் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முதுகு வலிக்கக் குனிந்து நடந்தவர்களுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. எருசலேமுக்காகத் துக்கப்பட்ட ஆண்டவரும் தம்மைக் குஞ்சுகளைச் சிறகுகளின்கீழே சேர்த்துக்கொள்ளும் கோழிக்கு ஒப்பிட்டார்.

எபிரெய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்ற சொல்லும், கர்ப்பப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பிதா என்று அழைக்கும்படி ஆண்டவர் கற்றுக்கொடுத்திருக்கிறார், அப்படியே அழைக்கிறோம். ஆனால் அந்தப் பிதாவின் இரக்கம் எப்படிப்பட்டது என்று சொல்ல வந்தபோது தீர்க்கதரிசிகள் பால்கொடுக்கிறவளைச் சுட்டிக்காட்டினார்கள். நாம் பிள்ளையிடம் காட்டும் கனிவு பலவீனம் என்று யாராவது சொன்னால், இந்த வசனங்களை அமைதியாக எடுத்துக் காட்டலாம்.

கனிவாக இருந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமும் சொல்லுகிறதே?

நீதிமொழிகள் 13:24 வேதத்தில் இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை. பிள்ளையைத் திருத்தாமல் விடுவது அன்பு அல்ல என்பது அதன் சாரம். ஆனால் அந்த ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லுகிற பலருக்கு, "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:21 நினைவுக்கு வருவதில்லை. திடனற்றுப்போவது என்றால் என்னவென்று பார்த்திருக்கிறேன். அடிவாங்கிப் பழகிய பிள்ளை, நாம் கையை உயர்த்தினாலே, அது அலமாரியிலிருந்து டப்பாவை எடுக்க உயர்த்திய கையாக இருந்தாலும், கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்குத் தேவன் பிதாவாக இருக்கிறார் என்று நாம் சொல்லும்போது அது எதை நினைத்துக்கொள்ளும்?

மெதடிஸ்ட் சபையின் ஸ்தாபகர் ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லியை (1669–1742) நம் பெண்கள் கூட்டங்களில் அடிக்கடி உதாரணம் காட்டுகிறோம். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைக் கைக்குழந்தைகளாகவே அடக்கம்பண்ணிய தாய் அவர். இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற ஊரில், வறுமைக்கும் கடனுக்கும் நடுவே, வீட்டையே பள்ளிக்கூடமாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார், ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பங்கைத் தனக்காக ஒதுக்கும்படி அவர் தாய்க்கு எழுதிக் கேட்டார். அதே சூசன்னா, 1732-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வயதிலேயே பிள்ளைகளைப் பிரம்புக்குப் பயப்படவும் சத்தத்தைத் தணித்து அழவும் பழக்கியதாகக் குறிப்பிடுகிறார். இரண்டும் ஒரே தாயின் வீட்டில் நடந்தவை. அவர் காலத்துக் கண்டிப்பை நான் நியாயந்தீர்க்கத் துணியவில்லை. ஆனால் வளர்ந்த மகன் திரும்பக் கேட்டது வியாழக்கிழமையை என்பதைக் கவனிக்கிறேன். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியதும் அதுவே.

கனிவு என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பொருள் இல்லை. "கைபேசி இப்போது கிடையாது" என்பதை உரத்த குரலிலும் சொல்லலாம், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து கண்ணைப் பார்த்தும் சொல்லலாம். மறுப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

பிள்ளையைக் கோபத்தில் அடித்துவிட்டேன். இப்போது ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் பிள்ளையிடம் போங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையைக் கொண்டுவந்த இடத்தில் சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லுகிறார். அந்தச் சகோதரனுக்கு நான்கு வயது இருந்தாலும் வசனம் பொருந்தும். "நீ பாலைக் கொட்டியது தப்பு, அதற்காக அம்மா அடித்தது அதைவிடப் பெரிய தப்பு, என்னை மன்னித்துக்கொள்" என்று சொல்லுங்கள். அடித்த காரணத்தை விளக்கி நீட்டவேண்டாம். நீ அப்படிச் செய்ததால்தானே என்று தொடங்கும் மன்னிப்பு பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையாகிவிடும். பிள்ளையோடு சேர்ந்தே ஒரு வரி ஜெபியுங்கள். தாய் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்த பிள்ளைக்குப் பாவ அறிக்கை என்ற சொல் பிற்காலத்தில் அந்நியமாக இருக்காது.

இது அடிக்கடி நடக்கிறதானால், கோபத்தோடு சேர்த்து உங்கள் உறக்கத்தையும், வேலைப் பளுவையும், வீட்டில் உங்களை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் குறையைச் சொல்லி ஜெபிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடப்பதும், மிக ஆழமாகக் காயப்படுத்துவதும் இதுவே என்பது என் அபிப்பிராயம். இரவு பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, தாய் ஜெபிக்கத் தொடங்குகிறாள்: "ஆண்டவரே, இவனுடைய பிடிவாதத்தை மாற்றும், எதிர்த்துப் பேசுகிற நாவை அடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப்போல இவனுக்கும் படிப்பில் கருத்தைத் தாரும்." பேச்சு கர்த்தரை நோக்கி இருக்கிறது, குறி பிள்ளைமேல் இருக்கிறது. சாதாரணமாகத் திட்டினால் பிள்ளை பதில் சொல்லலாம். ஜெபத்தில் திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்து, முடிவில் ஆமென் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. பல பிள்ளைகள் பதினைந்து வயதில் குடும்ப ஜெபத்தை விட்டு நழுவுவதற்கு இது ஒரு காரணம் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளையின் குறைகளைத் தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லுங்கள். பிள்ளை கேட்கும்படி ஜெபிக்கும்போது நன்றி சொல்லுங்கள். அதுவும் பெயர்சொல்லி, காரியம் சொல்லிச் சொல்லுங்கள். "இன்றைக்குத் தாத்தாவுக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தானே, அதற்காக ஸ்தோத்திரம்" என்பதைக் கேட்ட பையன் ஒரு கண்ணைத் திறந்து தாயைப் பார்ப்பான். என் மகன் பார்த்தான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: பொதுத்தேர்வுக் காலத்தில் "உனக்காக எத்தனை நாள் உபவாசம் இருந்தேன் தெரியுமா" என்று சொல்லாதீர்கள். ஜெபம் பிள்ளைக்கு வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய கடனாகிவிடக் கூடாது.

என் பிள்ளை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறது. தமிழ் வேதாகமத்தைத் திக்கித் திணறித்தான் வாசிக்கிறது. எந்த மொழியில் ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது?

நீங்கள் எந்த மொழியில் பிள்ளையைக் கொஞ்சுகிறீர்களோ அந்த மொழியில். 'தேவரீர்', 'கிருபாசனம்', 'சமுகம்' என்ற சொற்களெல்லாம் நமக்கு ஊறிப்போனவை. அவற்றின் அழகை நான் நேசிக்கிறேன். பிள்ளைகள் ஆராதனையில் கேட்டுக் கேட்டு அவற்றை அடைவார்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை "ஏசப்பா, எங்க பூனைக்குக் கால் வலிக்குது, சரி பண்ணுங்க" என்று சொல்லும்போது இடையில் புகுந்து "நீங்க என்று சொல்லாதே, நீர் என்று சொல்" எனத் திருத்தவேண்டாம். இலக்கணம் பிறகு வரும்.

பள்ளியில் கற்ற ஆங்கில ஜெபத்தை ஒப்பித்தால் அதையும் சந்தோஷமாகக் கேளுங்கள். அதன் முடிவில் ஒரே ஒரு வரியைத் தமிழில் சொந்தமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை; பிள்ளையைப் பார்த்தாலும் எதுவும் தோன்றவில்லை; ஜெபித்தும் மாறவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

இதை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் மனம் தளும்புவதும் பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடிக்கிறதென்றால், உறக்கம் வர வாய்ப்பிருந்தும் வராமல், பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாமல், நான் இல்லாமலிருந்தால் நல்லது என்ற எண்ணம் வருகிறதென்றால், அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். உலக அளவில் பிரசவித்த தாய்மாரில் சுமார் 13 சதவீதத்தினர் மனநலக் கோளாறுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது நோய், பாவமும் அல்ல, பிசாசின் கட்டும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போகிற நாம் இதற்கும் போகவேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம செவிலியரிடமோ சொல்லலாம். இந்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் எழுந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த நாட்களில் உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்பாக இறக்கினார்கள். அவன் படுத்திருந்தான், அவ்வளவுதான். சபையிலுள்ள சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இப்படிப்பட்ட தாயிடம் "இன்னும் அதிகமாக ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ரசம் வைத்துக் கொண்டுபோங்கள். பிள்ளையின் துணிகளைத் துவைத்துக் காயப்போடுங்கள். இரண்டு மணி நேரம் அவள் உறங்கும்படி பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் விசுவாசத்தில் இல்லை. நான் ஒருத்தி ஜெபித்தால் போதுமா?

பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்லுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதவந்த பவுல், பாட்டியாகிய லோவிசாளையும் தாயாகிய ஐனிக்கேயாளையும் பெயர்சொல்லி நினைவுகூருகிறார். பிள்ளைக்குமுன் கணவரைக் குறைவாகப் பேசாதிருங்கள். அவர் பிள்ளையை நேசிக்கிற நேசமும் தேவன் தந்ததே.

வளர்ந்த மகன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பல ஆண்டுகள் ஜெபித்தும் பதில் இல்லை. எத்தனை நாள்தான் ஜெபிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்கிற தாய்மார் பெரும்பாலும் கண்ணீரோடு கேட்கிறார்கள். அவர்களிடம் நான் மோனிக்காளின் கதையைச் சொல்லுகிறேன். நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் வாழ்ந்தவர். இன்று அது அல்ஜீரியாவில் இருக்கிறது. அவருடைய மகன் அகஸ்டின் தாயின் விசுவாசத்தை விட்டு மானிக்கேயம் என்ற வேற்று மதத்தோடு சேர்ந்தபோது, முதலில் அவர் செய்தது என்ன தெரியுமா? அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார். பிறகு ஒரு சொப்பனம் கண்டு, அதனால் தேற்றப்பட்டு, மறுபடியும் அவனை வீட்டிலும் பந்தியிலும் சேர்த்துக்கொண்டார். மோனிக்காளின் கண்ணீரைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதில்லை. எனக்கோ அது மிக முக்கியமாகப் படுகிறது. மகன் மனம் மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாய் தன் தட்டுக்குப் பக்கத்தில் அவனுக்குத் தட்டு வைத்துவிட்டார்.

அவனோடு வாதாடித் திருத்தும்படி ஒரு பேராயரிடம் அவர் கெஞ்சினார். அவரோ, அவனைச் சும்மா விட்டுவிட்டு அவனுக்காக ஜெபிக்கும்படி சொன்னார். விடாமல் அழுது கேட்டபோது, இத்தனை கண்ணீரின் மகன் கெட்டுப்போகமாட்டான் என்று சொல்லி அனுப்பினார். 383-ஆம் ஆண்டில் அகஸ்டின் ரோமாபுரிக்குக் கப்பலேற முடிவு செய்தபோது, போகக் கூடாது என்று தாய் கடற்கரைவரை பின்தொடர்ந்தார். மகன் பொய் சொல்லி அவரைச் சமாளித்தான். கார்த்தேஜ் துறைமுகத்துக்கு அருகே பரிசுத்த சிப்ரியானின் நினைவாலயத்தில் தாய் இரவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருக்க, கப்பல் புறப்பட்டுவிட்டது. விடிந்தபோது கடலும் காற்றும் மட்டுமே இருந்தன. அந்த இரவு அவர் கேட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஆனால் போகக் கூடாதென்று தாய் தடுத்த அந்தப் பயணமே மகனை மிலானுக்கும், அங்கே பேராயர் அம்புரோஸின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையில் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊருக்குத் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்காள் தம் 56-ஆம் வயதில் காலமானார்.

உங்கள் மகனுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான் என்ற நீதிமொழியை ஒப்பந்தப் பத்திரம்போலக் காட்டி, பிள்ளை விலகிப்போன தாய்மாரைக் குற்றப்படுத்துவது கொடுமை. தேவன் வளர்த்த ஆதாமும் ஏவாளுமே விலகிப்போனார்கள். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு: ஜெபத்தை விடாதிருங்கள், தட்டு வைப்பதையும் விடாதிருங்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை உறங்கி எழுந்து வந்தாலும், இட்லி சூடாக இருக்கட்டும்.

ஜெபித்தும் என் பிள்ளை இறந்துவிட்டது. இனி எப்படி ஜெபிப்பது?

சகோதரி, உங்களுக்கு விளக்கம் எதுவும் நான் எழுதப்போவதில்லை. பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்ட இடத்தில் மத்தேயு சுவிசேஷகர், இஸ்ரவேலரின் ஆதித்தாய்களில் ஒருத்தியான ராகேலைக் காட்டுகிறார். அவள் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலடையாதிருக்கிறாள். அவளை ஆறுதலடையச் சொல்லி வேதம் அந்த இடத்தில் அதட்டவில்லை. ரிஸ்பாள் என்னும் தாய், கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களருகே கன்பாறையில் இரட்டுத் துணியை விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் விரட்டிக்கொண்டு, அறுப்பு நாள் தொடங்கி மழை பெய்யுமட்டும் இருந்தாள் (2 சாமுவேல் 21). அவள் ஒரு வார்த்தை ஜெபித்ததாகவும் அங்கே எழுதப்படவில்லை.

கருவிலேயே இழந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் அழுங்கள். "கர்த்தருக்குச் சித்தம், அடுத்தது கிடைக்கும்" என்று சொல்லுகிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லுகிறார்கள். அதற்காக நீங்கள் தலையாட்டவேண்டிய கடமை இல்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. அன்னையர் தின ஆராதனையில் உட்காரவே முடியவில்லை. தாய்மையைப் பற்றிய இந்தப் பேச்சில் எனக்கு இடம் உண்டா?

உண்டு. நம் சபைகள் இந்த விஷயத்தில் தவறு செய்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "விசேஷம் உண்டா" என்று கோயில் வாசலிலேயே கேட்கிறோம். அன்னாளின் சாட்சியைச் சொல்லி முடித்துவிட்டு, கேட்டும் கிடைக்காத பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் மாவட்டத்தில் டோனாவூர் என்ற ஊர் இருக்கிறது. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் மணமாகாதவர், பிள்ளை பெறாதவர். 1901-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தேவதாசியாக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின் பலர் வந்தார்கள். ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லவந்தவர், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பால் புகட்டும் வேலையில் அமர்ந்துவிடலாமா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. ஆண்டவர் சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினதில் அதற்குப் பதிலைக் கண்டார். சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1931-இல் விழுந்து காயப்பட்ட பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையிலும் அறையிலுமாகக் கழித்து, 1951 ஜனவரியில் காலமானார். தம் கல்லறையில் நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவர் அடக்கம்பண்ணப்பட்ட மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, 'அம்மை' என்ற சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

இதனால் உங்கள் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஏக்கம் ஏக்கமாகவே இருக்கலாம்; அதை அன்னாளைப்போல ஊற்றிவிடலாம். ஓய்வுநாள் பள்ளியில் உங்கள் மடியில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு நீங்கள் யார் என்று ஐயமில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகள் வேலைக்காக வெளியூருக்குப் போய்விட்டார்கள். தலையில் கைவைக்க முடியாத தூரத்தில் இருக்கிறவர்களுக்காக எப்படி ஜெபிப்பது?

மறுபடியும் அன்னாளிடமே வருகிறேன். சாமுவேலைப் பால்மறக்கப்பண்ணி, சீலோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் ராமாவுக்குத் திரும்பினாள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பலிசெலுத்தப் போகும்போது மட்டுமே அவனைப் பார்த்தாள். போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டுபோனாள் (1 சாமுவேல் 2:19). தையல் தெரிந்தவர்கள் இந்த வசனத்தில் நின்றுவிடுவார்கள். பிள்ளை எதிரே இல்லை. அளவு எடுக்க முடியாது. போன ஆண்டு தோள் இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு வளர்ந்திருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதிலேயே அளந்து அளந்து துணியை வெட்டியிருக்கவேண்டும். போன ஆண்டு அளவிலேயே தைத்திருந்தால் சட்டை போட முடியாமல் போயிருக்கும்.

தூரத்திலுள்ள பிள்ளைக்கான ஜெபத்திலும் நாம் அடிக்கடி பழைய அளவிலேயே தைக்கிறோம். இருபத்தெட்டு வயது மகனுக்காகப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குரிய ஜெபத்தைச் செய்கிறோம். நல்ல சிநேகிதர் அமையவேண்டும், வேளைக்குச் சாப்பிடவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அவன் இப்போது எதைச் சுமக்கிறான் என்பது நமக்குத் தெரிந்திருக்காது. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு என் மகன் தொலைபேசியில் அழைப்பான். "இந்த வாரம் எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் "ஒன்றுமில்லை அம்மா, பொதுவாக ஜெபியுங்கள்" என்றான். நான் வற்புறுத்தவில்லை, சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், பேச்செல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில், "அம்மா, அறையில் தனியாக இருக்கிற நேரம்தான் கஷ்டமாக இருக்கிறது, அதற்காக" என்றான். அதுவரை எனக்குத் தெரியாது. அன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் அவனுடைய பழைய அறையில் விளக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த ஒரு காரியத்தை மட்டும் ஆண்டவரிடம் சொன்னேன்.